படியெடுத்துக் காத்த வரலாறு

திருவனந்தபுரம் என்றவுடன் வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்கள் பலருக்கும் அனந்தசயனத் திருக்கோயிலே நினைவுக்கு வரும். 2011ஆம் ஆண்டில் அக்கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, அங்கிருந்த பொன்னும் மணியும் உலகெங்கும் பேச்சாயின. அதே கோட்டைப் பகுதியில், அவ்வளவாகப் பேச்சுக்கு வாராத வேறொரு வைப்பும் உண்டு. அது ஓலை வைப்பு. கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஓலைகள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை என மதிப்பிடுகின்றனர். அவற்றினின்று தேர்ந்த 187 சுவடிகளைக் கொண்டு, எட்டுக் கூடங்கள் உடைய ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று 2022 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டது. குளச்சற் போரைப் பற்றிய செய்தியும், மார்த்தாண்ட வர்மர் 1750ஆம் ஆண்டில் நாட்டைப் பத்மநாபருக்கே அர்ப்பணித்த திருப்படித்தானத்தின் செய்தியும் ஓலை வழியாக நமக்கு எட்டியுள்ளன.

அவ்வோலைகளில் எழுதியிருப்பது என்ன என்று ஆராய்ந்தோர் பலர். அவை அழியாமல் நம் காலம் வரை வந்த வகையை ஆராய்ந்தோர் சிலரே. இவ்வுரையில் நாம் அதனையே எடுத்துக்கொள்கிறோம். இது பழங்கதையை விரும்புவோர்க்கு மட்டும் உரிய பொருள் எனக் கருத வேண்டா. பாட்டியின் குரல், தந்தையார் எழுதிய கடிதத்தின் படம், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகிய யாவும் இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. அது தொலைந்தால் அவையும் தொலையும். ஓலையைக் காத்தோர் எதிர்கொண்ட இடர்ப்பாடு, வேற்றுருவில் நம் வீட்டு மேசை மீதே வந்து அமர்ந்துள்ளது.

முதலில் ஓலையின் இயல்பைக் காண்போம். பனையோலை தடித்தது, நீளம் குறைந்தது. தாளிப்பனையின் ஓலை மெல்லியது, நீண்டது. இளம்பருவம் கடந்த ஓலையை நறுக்கி, நீரிலிட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து எழுதுவதற்குப் பதமாக்குவர். எழுத்தாணியாற் கீறிய பின் கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவித் துடைத்தால், கீற்றுகளில் மட்டும் கருமை தங்கி எழுத்து விளங்கும். துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி. நீண்ட ஓலைகளை வளைத்துச் சுருட்டிக் கட்டினால் அது சுருணை. பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் 3,000க்கும் மேற்பட்ட சுருணைகளாக அமைந்தவை.

இவற்றுக்குத் திருவனந்தபுரத்தின் வானிலை பெரும் பகை. இடவப்பாதி ஒருமுறை, துலாவர்ஷம் ஒருமுறை என ஆண்டில் இருமுறை மழை பொழியும் ஊர் அது. கடற்காற்றும் ஈரம் சுமந்து வரும். ஈரம் வந்தால் பூஞ்சணம் வரும். பூஞ்சணத்தின் பின் இராமபாணப் பூச்சியும் செல்லும் வரும். ஆகவே சுவடியுடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கட்டவிழ்த்து, தூசு தட்டி, காற்றாட வைத்து, வாசனைப்புல் தைலம் போன்றவற்றால் துடைத்து மீண்டும் கட்டினர். சரசுவதி பூசைக்கு ஏடுகளை இறக்கி அடுக்கும் வழக்கத்தை நாம் வழிபாடு என்றே அறிவோம். அஃது ஆண்டுக்கொருமுறை நிகழ்ந்த கணக்கெடுப்பும் ஆகும். எந்த ஏடு இருக்கிறது, எது அரிபட்டது என்பது அன்று தெரிந்துவிடும். பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருளும் சரசுவதியின் திருமேனி கம்பர் வழிபட்டது என்று மரபு கூறும். தமிழ்ப் புலவர் பெயரால் ஒரு கலைமகள் மலையாளத் தலைநகருக்கு ஊர்வலமாக வருவது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

எத்துணைப் பேணினும் ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டே. அதற்குள் வேறோர் ஓலையில் படியெடுத்தாக வேண்டும். தொல்காப்பியமும் சங்கச் செய்யுளும் அவற்றை இயற்றியோர் கைப்பட எழுதிய ஓலையில் நமக்குக் கிடைக்கவில்லை. படியின் படியின் படியாகவே அவை வந்து சேர்ந்தன. இடையில் ஒரு தலைமுறை படியெடுக்க மறந்த நூல்கள் பெயரளவில் நின்றன. பெயரும் நில்லாதவை எத்தனையோ!

பெயரளவில் நின்ற ஒருவர் மீண்டு வந்த வரலாறு திருவனந்தபுரத்துக்கு உரியது. பாசன் என்னும் வடமொழி நாடகக் கவியைக் காளிதாசன் தன் நாடகத்தின் முகப்பில் புகழ்கிறான், பாணனும் போற்றுகிறான். எனினும் பாசன் நாடகம் ஒன்றேனும் அச்சில் வந்ததில்லை. 1908ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு, வடமொழிச் சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்க ஒரு துறையை நிறுவி, திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரியாரை அதன் பொறுப்பில் வைத்தது. மறு ஆண்டு அவர் தென் திருவிதாங்கூரில் ஊர் ஊராகச் சென்றபோது, பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் ஒரு சுவடியைக் கண்டார். ஓலைகள் 105, பழைய மலையாள எழுத்து, முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையதென அவர் மதித்தார். அதனுள் பத்து நாடகங்களும், பதினொன்றாவதன் ஒரு பகுதியும் இருந்தன. பின்னர்க் கடுத்துருத்தியை அடுத்த கைலாசபுரத்துச் சோதிடர் ஒருவரிடமிருந்து மேலும் இரண்டு கிடைத்தன. இவ்வாறு சேர்ந்த பதின்மூன்று நாடகங்களையும் பாசனுடையவை எனக் கொண்டு, 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அவர் வெளியிட்டார். ‘சொப்பனவாசவதத்தம்’ அவற்றுள் ஒன்று. பதின்மூன்றும் பாசன் இயற்றியவையே தாமா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். அவ்வாதத்துள் நாம் புக வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது வேறு. வடநாட்டிற் பெயரளவில் நின்ற நாடகங்கள் தென்கோடியில் எவ்வாறு தப்பின? கேரளத்துச் சாக்கியர் கூடியாட்டத்தில் இந்நாடகங்களின் அங்கங்களைத் தனித்தனியே நடித்து வந்தனர். நடிப்போர்க்கு ஏடு வேண்டும். ஏடு பழுதுபட்டால் புதிய ஏடு எழுதியாக வேண்டும். ஆகவே படி எடுப்பதும் தொழிலின் பகுதியாயிற்று. ஒருவரும் தொடாமற் பெட்டியில் உறங்கிய சுவடியைக் காட்டிலும், பலர் கையில் புழங்கிய சுவடிக்கு வழித்தோன்றல் மிகுதி. மணலிக்கரை 1956 நவம்பர் 1 முதல் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த தமிழகத்து ஊர். ஆதலின் இவ்வரலாற்றில் இரு மாநிலத்தார்க்கும் பங்குண்டு. அரசுத் துறை திரட்டிய சுவடிகள் பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தன. காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் ஏறத்தாழ 30,000 சுவடிகளில் 65,000 நூல்கள் உள்ளன.

மடத்தையும் அரண்மனையையும் விட்டு இனி ஒரு வீட்டுக்குச் செல்வோம். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் முதலியார் குடும்பம் ஒன்று, அந்நாட்டின் வரி நிருவாகத்தில் அரசுக்கும் குடிகளுக்கும் இடையே நின்று செல்வாக்குடன் வாழ்ந்தது. அரசர் விடுத்த ஆணைகள், வரிக் கணக்குகள், பாசன வழக்குகள், நாட்டார் கூடிச் செய்த முடிவுகள், நிலம் விற்ற ஓலைகள், மனிதரையே விற்ற அடிமை ஓலைகள் என நூற்றாண்டுக் கணக்கில் அவ்வீட்டில் ஓலைகள் சேர்ந்தன. வீட்டார் அவற்றை வரலாறு என்று வைக்கவில்லை. உரிமை வழக்கு எழுந்தால் காட்ட வேண்டுமே என்று வைத்தனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் அருமையை உணர்ந்து, படித்துப் படியெடுத்தார். கவிஞர் என்றே நாம் அறிந்த கவிமணி, திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து 1931ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். கல்வெட்டிலும் ஓலையிலும் தேர்ந்த ஆராய்ச்சியாளர். அவர் தந்தவை திருவனந்தபுரத்திலிருந்து 1928 முதல் வெளிவந்த கேரள சங்கத்தின் ஆய்விதழில் அச்சேறின. நம் காலத்தில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்னும் பெயரில் அவற்றை நூலாக்கினார்.

இதிலுள்ள அமைப்பைச் சற்று நோக்குக. மூலம் ஓலையில், ஊரிலுள்ள வீட்டில். படி தாளில், ஆய்வாளரிடம். மூன்றாவது அச்சில், வேற்றூர் நூலகங்களில். ஒன்றைத் தீ தின்றாலும் மற்றொன்று நிற்கும். அடிமையாக விற்கப்பட்ட பெண்ணின் பெயரும் விலையும் வேறு எந்த நூலிலும் ஏறா. அந்த ஓலை அழிந்திருந்தால், அத்தகைய விற்பனை நம் நாட்டில் நடந்ததே இல்லை என்று சாதிப்போர்க்கு வசதியாக இருந்திருக்கும்.

ஒரே படியாக இருந்து அழிந்தவற்றின் கதை இதன் மறுபுறம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளைச் சாத்திர முறை என்று சொல்லி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஆடிப் பதினெட்டில் ஆற்று வெள்ளத்தில் ஏடுகளை விட்டோரும் இருந்தனர். அவர்கள் பகைமையால் செய்தாரல்லர். படிக்கத் தெரியாத பொருளை மரியாதையாகக் கழித்தனர். பகைமையால் நேர்ந்த அழிவும் உண்டு. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நூலகக் கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். அச்சு நூல்களிற் பலவற்றுக்கு உலகில் வேறு படிகள் இருந்தன; ஏட்டுச் சுவடிகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் வழக்குரைஞராக இருந்து, பின்னர்த் தமிழ்ப் பேரகராதிப் பணியை நடத்திய வையாபுரிப் பிள்ளையையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் சுவடிகளும் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தில் தனித் தொகுதியாக உள்ளன. அந்நகரில் வாழும் அன்பர்கள் சென்று காணலாம்.

இனி நம் காலத்துச் சுவடிக்கு வருவோம். கேரள மாநிலம் உருவான அதே 1956ஆம் ஆண்டில், செப்டம்பர்த் திங்களில், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டுக் கருவியை அறிவித்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும்! 1988ஆம் ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், பல சிறு வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதானாலும் செய்தி கெடாமல் வைக்கும் ‘ரெய்டு’ முறையை வகுத்துரைத்தனர். அம்முறையைக் கையாளக்கூடியது ‘நாஸ்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் வலைச் சேமிப்புப் பெட்டி. வீட்டு ரவுட்டருடன் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கைப்பேசிகளும் கணினிகளும் தத்தம் படங்களையும் ஆவணங்களையும் தாமே அதில் கொண்டு சேர்க்கும். காரியவட்டத்தில் ஓலை நூலகத்துக்கு அண்மையிலேயே, 1990ஆம் ஆண்டில் தொடங்கிய டெக்னோபார்க் வளர்ந்து நிற்கிறது. இரண்டு காலத்துச் சேமிப்பும் ஒரே சாலையில் அமைந்தது தற்செயலே.

நாஸ் பெட்டியைப் பற்றி ஒரு மயக்கம் பரவலாக உள்ளது. இரு தட்டுகள் ஒன்றையொன்று நிழல்போல் தொடர்வதால், இரு படிகள் இருப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். ஒரு தட்டு பழுதாகும் இடர்க்கு அது சரி. ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது இரண்டிலும் அக்கணமே அழியும். தீயும் வெள்ளமும் கள்வரும் பெட்டியை முழுதாகவே கொண்டுபோவர். 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் கெடுநிரல் உலகெங்கும் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய கெடுநிரல் வீட்டுக் கணினியில் புகுந்தால், அதனோடு இணைந்த பெட்டிக்கும் அதுவே கதி. ஒரே கம்பையில் கட்டிய இரு சுவடிகள் வெவ்வேறு ஊரிலிருக்கும் இரு சுவடிகள் ஆகா.

ஆதலால் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரப்பிய கணக்கு பயனுடையது: படிகள் மூன்று, அவை இரு வகைப் பொருளில், ஒன்றேனும் வேற்றிடத்தில். முதலியார் ஓலைக்கு வாய்த்தது இதுவே. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் ஒன்று, ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியைத் தவறான ஒரு கட்டளையால் இழந்தது. நிறுவனத்தின் காப்புப் படியை மீட்கப் பார்த்தால் அது நெடுநாளாகவே குறைபட்டிருந்தது. கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்தே பணிபுரிந்த ஓர் அம்மையார் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த படிதான் அப்படத்தைக் காத்தது. பெரிய நிறுவனம் காத்துக்கொள்ளாததை ஒரு வீடு காத்த செய்தி, மணலிக்கரை மடத்தை நினைவூட்டுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. புனேயில் ஒரு வீடு, நாகர்கோவிலில் ஒரு வீடு என்றிருப்போர்க்கு வேற்றிடம் தானே அமைந்துள்ளது. பெட்டியை வாங்கக் கடைக்குப் போகுமுன் எவை மீண்டும் கிடைக்காதவை என ஒரு பட்டியல் எழுதுக. திரைப்படமும் பாட்டும் மீண்டும் கிடைக்கும். இறந்துபோன தாத்தாவின் குரல் கிடைக்காது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தார் பலர் சான்றிதழ்களை இழந்தபோது, அரசு முகாம் நடத்தி மறுபடி வழங்கியது. அந்தந்த அலுவலகத்தில் பதிவு இருந்ததால் அது கூடிற்று. நனைந்துபோன திருமணப் படத்துக்கு எந்த அலுவலகத்திலும் பதிவில்லை. பட்டியலில் உள்ளவை சிறிதளவே எனில், இரண்டு வெளி வன்தட்டுகளே போதும். ஒன்றை இங்கு வைத்து, மற்றதை ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்து அங்கு வைக்கலாம். நால்வர் ஐவர் கைப்பேசிகளிலிருந்து நாள்தோறும் படங்கள் குவியும் வீட்டுக்கே நாஸ் பெட்டி தகும். அப்போதும் இரு தட்டுப் பெட்டியே சாலும். தொடர்ந்து இயங்குவதற்கென்று செய்த தட்டுகளையே வாங்குக. மின்தடை மிகுந்த ஊராயின் யூ.பி.எஸ். இன்றி இயக்க வேண்டா. கோப்பின் பழைய நிலைகளைச் சில வாரம் பாதுகாக்கும் வசதியைத் திறந்து வைக்க. பெட்டியை வெளி இணையத்துக்கு நேரே திறந்துவிட வேண்டா. கிளவுட் எனப்படும் தொலைச் சேமிப்பை மூன்றாவது படியாகக் கொள்ளலாம். சந்தா நின்றால் அதுவும் நிற்கும் ஆதலால், அதை ஒரே படியாக நம்புவது தகாது. கடவுச்சொல்லை வீட்டில் இருவராவது அறிந்திருக்க வேண்டும். ஒருவரே அறிந்து, அவர் மறைந்தபின் திறக்க முடியாமற்போன பெட்டிகள் உண்டு.

ஆண்டுக்கொருமுறை சோதிப்பதும் இன்றியமையாதது. காப்புப் படியிலிருந்து பத்துக் கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள். சரசுவதி பூசை நாள் இதற்கு ஏற்றது. ஏடு அவிழ்த்துப் பார்த்த முன்னோர் அன்றுதானே பார்த்தனர்!

ஓலை தப்பினும் எழுத்து தப்பாத நிலை ஒன்று உண்டு. திருவனந்தபுரத்து ஆவணங்களில் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, கிரந்தம், பழந்தமிழ் எனப் பலவகை எழுத்தும், மா, காணி, முந்திரி என்னும் பின்னக் குறிகளும், கொல்லம் ஆண்டும் விரவி வருகின்றன. இவற்றைத் தடையின்றிப் படிக்க வல்லோர் இன்று மிகச் சிலர். ஓலைக்குப் பூச்சியால் வருவதைவிட இதனால் வரும் இழப்பு பெரிது என்பது நம் கருத்து. இதுவும் நம் வீட்டுக்கு வந்துவிட்ட இடர்தான். 1990களில் கணினியில் தமிழ் எழுதியோர், ஆளுக்கோர் எழுத்துருவைக் கையாண்டனர். 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மாநாடு டாம், டாப் என இரு முறைகளைப் பரிந்துரைத்தது. பாமினி, திஸ்கி முதலியவையும் வழங்கின. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று அக்காலத்துக் கோப்பைத் திறந்தால் தமிழ் தோன்றாது. பொருளற்ற குறிகளே நிரல்பட நிற்கும். எழுத்து மாற்றிகள் இன்று கிடைக்கின்றன. குடும்ப வரலாறோ கவிதையோ பழைய எழுத்துருவில் வைத்திருப்போர், அவை கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, ஒரு படியைத் தாளிலும் அச்சிட்டு வைக்க வேண்டும். ஒலிநாடாவும் வீடியோ கேசட்டும் அவ்வாறே. நாடா கெடுமுன் அதை இயக்கும் கருவி மறைந்துவிடுகிறது.

இறுதியாக, ஊரிலுள்ள பழைய வீட்டின் பரணில் ஓலைக் கட்டு வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அதை நீரால் கழுவ வேண்டா. தேங்காயெண்ணெய் பூச வேண்டா. ஒட்டிய ஓலைகளை நகத்தாற் பிரிக்க வேண்டா. கட்டு இருந்தபடியே ஒரு படம் எடுத்து, பின் பிரியும் ஓலைகளை மட்டும் வரிசை மாறாமல் இருபுறமும் படமெடுத்து, எந்த வீடு, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். படிப்பதற்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ, வட்டெழுத்தும் மலையாண்மையும் கலந்ததாயின் திருவனந்தபுரத்துக் காரியவட்டம் நூலகத்தையோ அணுகலாம்.